வன்மேற்கை வென்றது எந்த ஆயுதம்?

1849 நவம்பர். இன்றைய நியூ மெக்ஸிகோவின் கிழக்குச் சமவெளியில், ஹிக்காரியா அப்பாச்சிப் பழங்குடியினர் அவசரமாகப் போட்டுவிட்டு ஓடிய ஒரு முகாமுக்குள் அமெரிக்கக் குதிரைப்படை நுழைகிறது. கடத்தப்பட்ட ஆன் ஒயிட் என்ற பெண்ணை மீட்க நாள்கணக்கில் தடம் பிடித்து வந்தவர்கள் அவர்கள். வந்து சேர்வதற்குச் சற்று முன்புதான் அவள் அம்பு தைத்து இறந்திருந்தாள். உடம்பில் சூடுகூட ஆறவில்லை.

முகாமில் சிதறிக் கிடந்த சாமான்களுக்கு நடுவே ஒரு மலிவுப் பதிப்பு நாவல் கிடைத்தது. நூற்றுக்கணக்கான செவ்விந்தியர்களை ஒற்றை ஆளாகச் சாய்க்கும் வீரனின் கதை. அந்த வீரனின் பெயர் கிட் கார்சன். படைக்குத் தடம் காட்டி வந்த வழிகாட்டியின் பெயரும் கிட் கார்சன்தான். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன்னைப் பற்றி இப்படியொரு புத்தகம் இருப்பதே அன்றுதான் அவருக்குத் தெரியும். அந்தப் பெண் இதைப் படித்திருப்பாள், நான் வருவேன் என்று வேண்டிக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு அவரை விடவே இல்லை. பின்னாளில் தன் வாழ்க்கையைச் சொல்லி எழுதவைத்தபோதும் இதைச் சொன்னார்.

நம்மில் பலருக்குக் கிட் கார்சன் வேறொரு ஆள். சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில் 1985 முதல் டெக்ஸ் வில்லரோடு குதிரையில் வருகிற வெள்ளிமுடியார் அவர். சதா புலம்புவார், வறுத்த கறியைக் கண்டால் விடமாட்டார், நண்பனுக்காக உயிரையும் கொடுப்பார். டெக்ஸை 1948இல் மிலானில் உருவாக்கியவர்கள் போனெல்லி, கலெப்பினி என்ற இரண்டு இத்தாலியர்கள். அவர்கள் கதையில் டெக்ஸ் நவஹோ மக்களின் தலைவர், 'இரவுக் கழுகு'. கார்சன் அந்த மக்களின் ஆத்ம நண்பர். வாடகை நூலகத்தில் இந்தப் புத்தகங்களுக்காகக் காத்துக்கிடந்தவர்களில் நானும் ஒருவன்.

பல வருஷம் கழித்துத்தான் நிஜக் கார்சனைப் படித்தேன். 1863-64இல் நவஹோ மக்களை அவர்கள் மண்ணிலிருந்து பெயர்த்தெடுத்த படைக்குத் தலைமை தாங்கியவர் அவர். அதற்கு அவர் பயன்படுத்திய முக்கிய ஆயுதம் துப்பாக்கி அல்ல. அதைப் படித்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னைத் துரத்துகிறது. வன்மேற்கை, அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் மேற்குப் பகுதியை, உண்மையில் எந்த ஆயுதம் வென்றது? ஏன் எல்லாப் பெயரும் இடுப்பில் தொங்கிய ரிவால்வருக்கே போனது?

ரிவால்வரிடமிருந்தே தொடங்குவோம். அதற்கும் உண்மையான வரலாறு ஒன்று இருக்கிறது.

1830களில் டெக்ஸஸ் சமவெளியில் கோமாஞ்சிப் பழங்குடி வீரர்களோடு மோதியவர்களுக்கு ஒரு சிக்கல். அவர்கள் கையில் இருந்தது ஒரு தடவை சுட்டதும் மறுபடி மருந்து கிட்டிக்க வேண்டிய துப்பாக்கி. குதிரை மேல் உட்கார்ந்து அதைச் செய்வது கிட்டத்தட்ட நடக்காத காரியம். கோமாஞ்சியோ குதிரையில் பிறந்தவன் மாதிரி. குட்டையான வில், இடக்கையில் சேர்த்துப் பிடித்த அம்புகள். எதிரி ஒரு குண்டு போட்டு மறுகுண்டு நிரப்புவதற்குள் அவன் பல அம்புகளை விட்டிருப்பான். வில் பழைய ஆயுதம், துப்பாக்கி புதிய ஆயுதம், அதனால் துப்பாக்கி ஜெயித்தது என்று நாம் எளிதாக நினைத்துக்கொள்கிறோம். அந்தச் சமவெளியில் ரொம்ப காலம் வில்தான் வேகமான ஆயுதம்.

சாமுவேல் கோல்ட் 1836இல் காப்புரிமை வாங்கிய சுழல்துப்பாக்கி இந்தக் கணக்கை மாற்றியது. நியூ ஜெர்சியின் பேட்டர்சன் ஊரில் தொழிற்சாலை போட்டார். ஐந்து குண்டு சுடும். ஆனால் வாங்க ஆளில்லை. 1842இல் கம்பெனி மூழ்கியது. டெக்ஸஸ் குடியரசு தன் கடற்படைக்கு வாங்கிப்போட்டிருந்த சில துப்பாக்கிகள் மட்டும் எப்படியோ டெக்ஸஸின் எல்லைக்காவல் படையான ரேஞ்சர்கள் கைக்கு வந்தன. 1844 ஜூனில், வாக்கர்ஸ் கிரீக் என்ற இடத்தில், ஜாக் ஹேஸ் தலைமையில் பதினைந்து பேர் அளவிலான ரேஞ்சர்கள் தங்களைவிடப் பல மடங்கு அதிகமான கோமாஞ்சிகளை எதிர்கொண்டார்கள். வழக்கம்போல் ரேஞ்சர்கள் முதல் குண்டைச் சுட்டதும் கோமாஞ்சிகள் பாய்ந்தார்கள். மருந்து நிரப்ப நேரம் பிடிக்கும் என்பது அவர்கள் அனுபவம். ஆனால் இரண்டாவது குண்டு வந்தது, மூன்றாவது வந்தது, நிற்கவே இல்லை.

அந்தச் சண்டையில் படுகாயத்தோடு பிழைத்த சாமுவேல் வாக்கர் பிறகு கோல்ட்டைத் தேடிப் போனார். இருவரும் சேர்ந்து வடிவமைத்த 1847ஆம் வருஷத்து ரிவால்வருக்கு அரசாங்கம் 1,000 துப்பாக்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. மூழ்கிய கோல்ட் மறுபடி எழுந்தார். அந்தத் துப்பாக்கி இரண்டு கிலோ எடை. இடுப்பில் தொங்கவிட முடியாது, குதிரைச் சேணத்தின் உறையில்தான் போகும்.

எனக்கு அதில் பெரிதாகப் படுவது வேறொன்று. அதன் உருளையின் மேல் ஒரு சித்திரம் பொறித்திருந்தார்கள். ரேஞ்சர்கள் கோமாஞ்சிகளைத் துரத்துகிற காட்சி, அதே 1844 சண்டை. நடந்து மூன்றே வருஷத்தில் அது துப்பாக்கி மேலேயே விளம்பரமாகிவிட்டது. கதையும் ஆயுதமும் ஒரே தொழிற்சாலையிலிருந்து ஒன்றாக வெளியே வந்தன.

நாம் படங்களில் பார்க்கும் ரிவால்வர் 1873இல் வந்த கோல்ட் 'பீஸ்மேக்கர்'. கோல்ட் இறந்து பதினொரு வருஷம் கழித்து வந்தது. விலை 17 டாலர். மாடு மேய்க்கும் ஒரு கௌபாயின் மாதச் சம்பளம் 30 டாலர் வாக்கில், அதாவது பாதிச் சம்பளத்துக்கு மேல் அதற்கே போய்விடும். ஆறு குண்டுக்கு இடமிருந்தாலும் விவரம் தெரிந்தவர்கள் ஐந்துதான் போடுவார்கள். சுத்தியல் உட்காரும் அறையைக் காலியாக விடாவிட்டால், துப்பாக்கி தவறி விழுந்தால் சொந்தக் கால் போகும். சுட்டு முடித்ததும் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவைத் திறந்து, காலிக் கூடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, புதுத் தோட்டாவை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எதிரே ஒருவன் சுட்டுக்கொண்டிருக்கும்போது அதைச் செய்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் புகை. அன்றைய தோட்டாவில் இருந்தது கரிமருந்து. மூன்று நான்கு முறை சுட்டால் வெள்ளைப் புகை திரையாக எழும். மூடிய சாராயக் கடைக்குள் சண்டை நடந்தால் இரண்டாவது நிமிடம் யார் யாரைச் சுடுகிறோம் என்றே தெரியாது. புகையில்லாத மருந்து பரவியது 1890களில், கதையெல்லாம் முடிந்த பிறகு. சினிமாவில் அந்தப் புகை பெரும்பாலும் வராது. வந்தால் நாயகனின் முகம் தெரியாதே.

தொடைக்குக் கீழே தாழக் கட்டிய உறையும் மின்னல் வேகத்தில் உருவுவதும் 1950களில் ஹாலிவுட் பழக்கப்படுத்தியவை. நிஜ உறை இடுப்பில் உயரமாக, துப்பாக்கியை முக்கால்வாசி மூடியபடி இருக்கும். குதிரையில் போகிறவனுக்குத் துப்பாக்கி கீழே விழாமல் இருப்பதுதான் முதல் தேவை.

சரி, அந்த ஊர்களில் தினமும் துப்பாக்கிச் சண்டை நடந்ததா? கான்ஸாஸின் ஐந்து மாட்டுச்சந்தை ஊர்களை (அபிலீன், எல்ஸ்வொர்த், விசிட்டா, டாட்ஜ் சிட்டி, கால்ட்வெல்) எடுத்து, 1870 முதல் 1885 வரை நடந்த கொலைகளை ராபர்ட் டைக்ஸ்ட்ரா என்ற வரலாற்றாசிரியர் எண்ணினார். மொத்தம் 45. சின்னஞ்சிறு ஊர்கள் என்பதால் ஜனத்தொகைக்கு அது குறைவான எண் அல்ல. ஆனாலும் ஒரே படத்தில் நாம் பார்த்துவிடும் பிணங்களை ஐந்து ஊர் சேர்ந்து பதினைந்து வருஷத்தில் பார்த்திருக்கிறது. டாட்ஜ் சிட்டியின் நடுத்தெருவில், ஊருக்குள் துப்பாக்கி எடுத்துவரக் கூடாது என்று பலகையே வைத்திருந்தார்கள். அந்தப் பலகை தெரியும் பழைய புகைப்படம் இன்றும் இருக்கிறது.

உலகப் புகழ்பெற்ற ஓ.கே. கொரால் சண்டையின் உடனடிக் காரணமும் அப்படியொரு சட்டம்தான். அரிஸோனாவின் டூம்ஸ்டோனில் ஊருக்குள் ஆயுதம் தூக்கத் தடை. 1881 அக்டோபர் 26 அன்று அந்தத் தடையைக் காட்டி எதிராளிகளின் துப்பாக்கிகளைப் பறிக்கத்தான் ஊர்க் காவல் பொறுப்பில் இருந்த எர்ப் சகோதரர்களும் அவர்கள் நண்பர் டாக் ஹாலிடேயும் போனார்கள். நடந்த இடம் கொரால் (குதிரைத் தொழுவம்) கூட இல்லை, அதற்குப் பக்கத்தில் ஒரு புகைப்பட நிலையத்தை ஒட்டிய குறுகலான காலி மனை. சில அடி இடைவெளியில் நின்று சுட்டார்கள். முப்பது விநாடி, முப்பது குண்டு வாக்கில், மூன்று பேர் சாவு. அந்த முப்பது விநாடியை வைத்து எத்தனை மணி நேரப் படங்கள்!

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன்.

கார்சனுக்கு வந்த உத்தரவு, நவஹோ மக்களைச் சரணடையவைத்து ஒரே இடத்தில் அடைக்க வேண்டும் என்பது. அவர்களை நேருக்கு நேர் சண்டையில் பிடிப்பது லேசல்ல. மலையும் பள்ளத்தாக்கும் அவர்களுக்குக் கைரேகை மாதிரி. எனவே கார்சனின் படை வயல்களைத் தேடிப் போனது. சோளத்தை எரித்தார்கள், கோதுமையைக் குதிரைகளுக்குப் போட்டார்கள், ஆடுகளைப் பிடித்தார்கள், கிணறுகளை நாசமாக்கினார்கள். 1864 ஜனவரியில் கேன்யன் டி ஷே என்ற செங்கல் நிறப் பள்ளத்தாக்குக்குள் புகுந்தார்கள். அதன் அடிவாரத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த பீச் பழத் தோட்டங்கள் இருந்தன. அந்த வருஷமே படை அந்த மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டிப் போட்டது. மனிதர்கள் சுடப்பட்டது ஒப்பிட்டால் குறைவு. பனிக்காலம், தானியம் இல்லை, ஆடு இல்லை. பசிதான் அவர்களைக் கோட்டை வாசலுக்குக் கொண்டுவந்தது.

அங்கிருந்து அவர்களை நடக்கவைத்தார்கள். ஏறத்தாழ 500 கிலோமீட்டர், சிலருக்கு இன்னும் அதிகம். கிழக்கு நியூ மெக்ஸிகோவின் போஸ்கே ரெதோந்தோ வரை, பனியில், கூட்டம் கூட்டமாக. நவஹோக்கள் இதை 'நெடுநடை' என்கிறார்கள். 8,000க்கும் மேற்பட்டவர்கள் அங்கே அடைக்கப்பட்டார்கள். உப்புத் தண்ணீர், பூச்சி தின்ற பயிர், விறகு கிடைக்காத வெட்டவெளி. நான்கு வருஷத்தில் 2,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கோடரியும் தீப்பெட்டியும் செய்த வேலை இது.

சமவெளிப் பழங்குடிகளுக்கு நடந்ததும் ஏறக்குறைய இதேதான், ஆயுதம் மட்டும் வேறு. லகோட்டாவுக்கும் செயேனுக்கும் கோமாஞ்சிக்கும் காட்டெருமைதான் சோறு, கூடாரம், போர்வை, வில்லின் நாண் எல்லாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை ஏறக்குறைய 3 கோடி இருந்திருக்கும் என்பது ஆய்வாளர்கள் மதிப்பீடு. 1870களின் தொடக்கத்தில் காட்டெருமைத் தோலை நல்ல தோலாகப் பதனிடும் வழி பிடிபட்டது. கிழக்கத்திய, ஐரோப்பிய ஆலைகளின் இயந்திரங்களைச் சுற்றும் பட்டைகளுக்கு அந்தத் தோல் வேண்டியிருந்தது. ரயில் பாதையும் வந்துவிட்டது. வேட்டைக்காரர்கள் கையில் ஷார்ப்ஸ் ரைஃபிள். கனமானது, ஒரு தடவைக்கு ஒரு குண்டு, ஆனால் சில நூறு மீட்டர் தள்ளி நிற்கும் எருமையையும் சாய்க்கும். முதலில் மந்தையை நடத்தும் பசுவைச் சுடுவார்கள். மற்றவை ஓடாமல் அதைச் சுற்றியே குழம்பி நிற்கும். வேட்டைக்காரன் ஒரே இடத்தில் உட்கார்ந்தபடி, குழல் சூடாகிக் கைக்கு ஆகாமல் போகும்வரை சுடுவான். தோலை உரித்துக்கொண்டு உடலை அப்படியே அழுகவிட்டுப் போவார்கள். 1880களின் கடைசியில் எஞ்சியவை ஆயிரத்தைச் சுற்றித்தான்.

ஷார்ப்ஸுக்குப் பெரிய சினிமாப் புகழ் கிடையாது. அது சுட்டது பெரும்பாலும் எதிர்த்து நிற்காத விலங்கை. அதைக் கதையாக்கி நாயகனைக் காட்ட முடியாது.

துப்பாக்கிதான் தீர்மானித்தது என்றால் 1876 ஜூன் 25க்குப் பதில் சொல்ல வேண்டும். லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லகோட்டா, செயேன் வீரர்களோடு மோதிய குதிரைப்படைத் தளபதி கஸ்டரும் அவரோடு இருந்த 200க்கும் மேற்பட்ட வீரர்களும் ஒருவர் விடாமல் மாண்டார்கள். 1983இல் அந்தப் போர்க்களத்தின் புல்வெளி தீப்பிடித்து எரிந்தது. மறுவருஷம் தொல்லியலாளர்கள் தரையைத் தோண்டித் தோட்டாக் கூடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, எது எந்தத் துப்பாக்கியில் சுட்டது என்று பார்த்தார்கள். படைவீரர்கள் சுட்டது ஒரு தடவைக்கு ஒரு குண்டு போடும் ஸ்பிரிங்ஃபீல்டில். எதிர்ப்பக்கம் ஹென்ரியும் வின்செஸ்டரும், தொடர்ந்து சுடும் ரைஃபிள்கள், கணிசமாக இருந்தன. நல்ல துப்பாக்கி பூர்வகுடிகளிடம்தான் இருந்தது. வெற்றியும் அவர்களுக்குத்தான். ஆனால் அடுத்த வருஷம் மே மாதம் லகோட்டாத் தலைவர் கிரேஸி ஹார்ஸ் சரணடைந்தார். இன்னொரு தலைவரான சிட்டிங் புல் கனடாவுக்குப் போய், பட்டினி தாங்காமல் 1881இல் திரும்பி வந்து ரைஃபிளை ஒப்படைத்தார். காட்டெருமை இல்லாத சமவெளியில் வின்செஸ்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

முள்கம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இல்லினாய்ஸ் விவசாயி ஜோசப் கிளிடன் 1874இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். கௌபாயின் திறந்த மேய்ச்சல் நிலத்தைப் பத்துப் பதினைந்து வருஷத்தில் துண்டு போட்டு முடித்தது அதுதான்.

பிறகு எப்படி எல்லாம் ரிவால்வர் கதையாக மாறியது? இந்தக் கேள்விக்கு பஃபலோ பில் என்ற வில்லியம் கோடியைத் தாண்டிப் போக முடியாது.

கோடி 1872 முதல் நாடக மேடையில் தன்னையே நடித்துக்கொண்டிருந்தவர். கஸ்டர் இறந்த மூன்றாவது வாரம், 1876 ஜூலை 17, படைக்கு வழிகாட்டியாகப் போனார். அன்று காலை சண்டை நடக்கும் என்று தெரிந்து, சிவப்பும் வெள்ளிச் சரிகையும் வைத்த கறுப்பு வெல்வெட் உடையை, அதாவது மேடை உடையை, அணிந்துகொண்டார். யெல்லோ ஹேர் என்ற செயேன் வீரரைக் கொன்று உச்சித்தோலை உரித்தார். சில மாதத்தில் அதே சண்டை நாடகமானது. அதே உடையில், நேற்றுப் போர்க்களத்தில் உடுத்தியது என்று சொல்லி, மேடையில் நின்றார். ஒரு மனிதனின் சாவு, நடக்கும்போதே நாளைய காட்சிக்கான ஒத்திகையாக இருந்திருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

1883இல் கோடி தொடங்கிய 'வைல்ட் வெஸ்ட்' காட்சி முப்பது வருஷம் ஊர் ஊராகப் போனது. 1887இல் விக்டோரியா ராணியே பார்த்தார். 1885இல் சிட்டிங் புல் நான்கு மாதம் அதில் குதிரையேறி வலம் வந்தார், வாரம் 50 டாலர் சம்பளத்துக்கு. 1890 டிசம்பரில் அவர் கொல்லப்பட்டார். இரண்டு வாரம் கழித்து வூண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்கப் படையின் ஹாட்ச்கிஸ் பீரங்கிகள் லகோட்டாக்களின் முகாமைத் துளைத்தன. பெண்கள், குழந்தைகள் உட்பட குறைந்தது 150 பேர் செத்தார்கள், உண்மையான எண்ணிக்கை அதைவிட அதிகம் என்பவர்கள் பலர். அதன் பிறகு சிறைப்பட்ட லகோட்டாத் தலைவர்கள் சிலரையும் கோடி தன் காட்சிக்கு அழைத்துப் போனார்.

1893 ஜூலையில் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னர் என்ற இளம் பேராசிரியர் ஒரு கட்டுரை வாசித்தார். எல்லைப்புறம் முடிந்துவிட்டது, அமெரிக்கக் குணத்தை வார்த்தது அந்த எல்லைப்புறம்தான் என்றார். அவர் சித்திரத்தில் பெரும்பாலும் காலி நிலம், கோடரி, ஏர். கண்காட்சிக்கு வெளியே, மதிலை ஒட்டிய மைதானத்தில், கோடியின் கூடாரம். அங்கே நிலம் நிறைய ஆட்கள், துப்பாக்கி, முற்றுகை. கோடியின் காட்சியில் எப்போதும் முதலில் தாக்குகிறவன் செவ்விந்தியன், தற்காத்துக்கொள்கிறவன் வெள்ளையன். நிலத்தைப் பறித்தவன் முற்றுகையில் சிக்கியவனாகத் தெரிகிறான். அதற்கு ரிவால்வர்தான் வாகான ஆயுதம். இருவர், எதிரெதிரே, ஆளுக்கொரு துப்பாக்கி, முதலில் உருவியவன் பிழைப்பான். இதைவிட நியாயமாகத் தோன்றும் சாவு எது? பீச் மரத்தை வெட்டுவதை, எருமை மந்தையை ஒழிப்பதை இந்த வடிவத்தில் சொல்லவே முடியாது.

மிச்சத்தை வியாபாரமும் சினிமாவும் பார்த்துக்கொண்டன. வின்செஸ்டர் ரைஃபிளை 'மேற்கை வென்ற துப்பாக்கி' என்று கம்பெனி விளம்பரம் செய்தது முதல் உலகப்போருக்குப் பிறகு. 1903இல் வந்த ரயில் கொள்ளைப் படத்தில் ஒரு கொள்ளைக்காரன் காமிராவைப் பார்த்தே சுடுகிறான். அதை எடுத்ததும் மேற்கில் அல்ல, கோல்ட் முதல் தொழிற்சாலை போட்ட அதே நியூ ஜெர்சியில் பெரும்பகுதி. வயட் எர்ப் 1929இல் லாஸ் ஏஞ்சலஸில் இறந்தபோது சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் வில்லியம் ஹார்ட், டாம் மிக்ஸ் இருந்தார்கள். இருவரும் கௌபாய் பட நட்சத்திரங்கள்.

அங்கிருந்து கதை கடல் தாண்டியது. 1964க்குப் பிறகு இத்தாலியர்கள் ஸ்பெயினின் அல்மேரியா பொட்டல்காட்டை மேற்காக்கினார்கள். நம்மூரில் 1972இல் ஜெய்சங்கர் தொப்பியும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு, கர்ணன் இயக்கத்தில் 'கங்கா'விலும் 'ஜக்கம்மா'விலும் குதிரையேறினார். நமக்கு இது ஒட்டியதற்குக் காரணம் அமெரிக்க வரலாறு அல்ல. சட்டம் எட்டாத ஊர், பணக்காரன் பக்கம் சாய்ந்த அதிகாரி, தனியாக வந்து தட்டிக்கேட்கும் ஒருவன். ஜம்புலிங்கம் கதைப்பாடலைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது புதுசே இல்லை. நாம் கௌபாயிடம் பார்த்தது நிலம் பறிக்க வந்தவனை அல்ல, நமக்காகக் கேட்க வந்தவனை. அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். இன்றும் புது டெக்ஸ் புத்தகம் வந்தால் முதல் நாளே வாங்குகிறேன். ஆனால் வெள்ளிமுடியார் நவஹோ கூடாரத்துக்குள் நுழைந்து சிரிக்கும் பக்கத்தில் என் கை நின்றுவிடுகிறது.

நிஜக் கார்சன் 1868 மே 23 அன்று இறந்தார். ஒன்பது நாள் கழித்து, ஜூன் 1 அன்று, நவஹோக்கள் சொந்த மண்ணுக்குத் திரும்பலாம் என்ற ஒப்பந்தம் கையெழுத்தானது. அவர்களை அடைத்து வைத்திருந்த சம்னர் கோட்டையை அரசாங்கம் தனியாருக்கு விற்றது. அதிகாரிகள் குடியிருந்த பழைய கட்டடம் ஒன்று மேக்ஸ்வெல் குடும்பத்தின் வீடானது. அந்த வீட்டுப் படுக்கையறை இருட்டில்தான் 1881 ஜூலை 14 இரவு ஷெரீப் பாட் காரெட், தேடப்பட்டுவந்த பில்லி த கிட் என்ற குற்றவாளியைச் சுட்டுக் கொன்றார். ஒரே இடம், இரண்டு நினைவுகள். பில்லியின் கல்லறைக் கல்லை ரசிகர்கள் இரண்டு தடவை திருடிப்போனதால் இன்று அது இரும்புக் கூண்டுக்குள் இருக்கிறது. காரெட்டின் கோல்ட் ரிவால்வர் 2021இல் 60 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. போஸ்கே ரெதோந்தோவில் செத்த நவஹோக்களுக்கு அங்கே நினைவகம் திறந்தது 2005இல்தான்.

அந்த ஜூன் மாதம் வீடு திரும்பியவர்களின் வரிசை ஏறத்தாழ பதினாறு கிலோமீட்டர் நீளம் இருந்ததாம். கேன்யன் டி ஷேயில் வெட்டுப்பட்ட மரங்களில் சில அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்திருந்தன. சில கொட்டைகள் எப்படியோ தப்பியிருந்தன. அந்தப் பழைய ரக பீச் விதைகளைத் தேடிப் பிடித்து நவஹோக்கள் இப்போது மறுபடி நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.